சன்ஷேடுக்குக் கம்பி

வெற்றிச்செல்வியின் கீபோர்டில் மணல் இருந்தது. காலையில்தான் துடைத்தாள், மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடியும் விரலடியில் நெறுநெறுவென்றது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டோரம் குடியிருந்துகொண்டு தூசிக்குப் பயந்தால் முடியுமா என்று ஊதிப் பார்த்தாள். பறக்கவில்லை. ஈரமாக இருந்தது.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வீட்டுப் படம் வரைந்து தருகிறவள் அவள். அளவு வாட்ஸ்அப்பில் வரும், படமும் அதிலேயே போய்விடும். வரைந்த வீடு ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பெரம்பலூர் வீட்டுக்கும் அப்படித்தான் வரைந்தாள். மேல்தளத்துக்குப் போட்ட கம்பியை அவசரத்தில் அப்படியே எடுத்து சன்ஷேடுக்கும் ஒட்டிவிட்டாள். தளத்துக்குக் கம்பி அடியில் ஓடும். சன்ஷேடுக்கு மேலே ஓட வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தாங்காது. கொத்தனார் மாயவன் படத்தை நம்பிக் கட்டினார். முட்டுக்கட்டைகளைப் பிரித்த அன்று, நிழலுக்கு ஒதுங்கி நின்ற சித்தாள் முத்தாயியின் மேல் சன்ஷேடு மொத்தமாக இறங்கியது. அங்கேயே நசுங்கிச் செத்தாள்.

சேதி கேட்ட அன்றே, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படத்தை இரண்டு பக்கமும் அழித்தாள். கம்பியை மேலே ஏற்றிப் புதிதாக ஒன்று வரைந்து, இதுதான் நான் கொடுத்தது என்று போலீசில் காட்டினாள். மாயவன் ஜெயிலுக்குப் போனார்.

இன்று காலை அவர் மனைவி கலைமணி போனில் அழுதாள். "பழைய படம் இருந்தா குடுங்கக்கா. அவரு மேல தப்பில்லன்னு தெரிஞ்சா போதும்."

"எங்கிட்ட அதெல்லாம் இல்லம்மா."

இருந்தது. இதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கொடுக்கவும் துணிச்சலில்லை, அழிக்கவும் கை வரவில்லை. தன்னை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

போன் அதிர்ந்தது. புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப் செய்தி.

"வூட்டு அளவு சொல்றேன். வரைஞ்சு குடுங்கம்மா."

மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வேலை. சும்மா உட்கார்ந்து யோசிப்பதற்கு இது தேவலை என்று வரைய ஆரம்பித்தாள். ஹால் பதினாலுக்குப் பத்தரை. கோடு இழுக்க இழுக்க, வெளியே எங்கோ கலவையைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே ஈர சிமெண்ட் வாடை வந்து தொண்டையில் படிந்தது. இந்தத் தெருவில் யாரும் வீடு கட்டவில்லை.

அடுத்தது சமையலறை. ஒரு பக்கம் ஒன்பதடி நாலங்குலம், எதிர்ப்பக்கம் ஒன்பதடி ஒரு அங்குலம்.

கை நின்றது. ஊருக்கெல்லாம் நேராக வரைகிறவளின் அடுப்படி கோணல் என்று கணவன் ராஜேஷ் இன்றும் கிண்டல் செய்யும் அந்த மூன்று அங்குலம். அவள் வீடு.

"ஜன்னல் நாலடி. தரையிலேர்ந்து மூணடி ஒசரத்துல இருக்கு."

எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தாள். ரோடு போட்டுப் போட்டு வெளித்தரையும் வீட்டுத்தரையும் ஒரே மட்டமாகிவிட்ட ஜன்னல். வெளியே வெயில் மட்டும் இருந்தது.

"யாருங்க?" என்று அனுப்பினாள்.

"சன்ஷேடுக்குக் கம்பி மேலயா, கீழயா?"

போலீசில் சொன்னதையே அனுப்பினாள். "மேல."

"படத்துல கீழ இருந்துச்சேம்மா."

பழைய படத்தைத் திறந்தாள். கம்பி கீழேதான் ஓடியது. கலைமணிக்கு அனுப்ப ஒரு தட்டு போதும். ஒரே ஒரு தட்டு. கலைமணியின் பெயர் வரைக்கும் போனாள்.

படத்தை அழித்துவிட்டாள். கம்ப்யூட்டர் குப்பைக்கூடையிலிருந்தும்.

சுரண்டும் சத்தம் நின்றது.

"சித்தாள் ஒசரம் அஞ்சடி," என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. "இப்ப ரெண்டே முக்கா."

வெளியே காலடிச் சத்தம். பாரம் சுமந்த நடை. ஐந்தடிப் பெண் என்றால் ஜன்னலில் முகம் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஜன்னலின் கீழ்விளிம்பை ஒட்டி ஒரு கலவைச் சட்டியின் வாய் மட்டும் நகர்ந்தது. நிறைந்த சட்டி. மெதுவாக. வாசல் பக்கம்.

காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

சாத்த எழுந்தாள்.

அதற்குள் சட்டி உள்ளே வந்தது. அதற்கடியில் சுருட்டி வைத்த துணிச் சும்மாடு. சும்மாட்டுக்கடியில் தலை இல்லை. நேராகத் தோள். தோளுக்குக் கீழே மூன்றரைச் சாண் சேலை. அவ்வளவுதான், தரை.

"எங்க கொட்டட்டும்மா?" என்று தோளுக்குள்ளிருந்து கேட்டது.