குட்டியின் மூச்சு

ஒலியை நிறுத்திய பிறகும் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

ஒலிக்கலைஞர் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார். ஜன்னலே இல்லாத அந்த ஸ்டுடியோ அறையில் பகலும் இரவும் ஒன்றுதான். ஏசியின் முனகலும், சூடேறிய வயர்களின் வாடையும், சுவரில் பதித்த பஞ்சுப் பலகைகளின் இடுக்கில் தேங்கிய இருட்டும் அவருக்கு வருடக்கணக்காகப் பழகிப்போனவை. இந்த மூச்சுதான் புதிது. மெதுவாக இழுத்தது, மெதுவாக விட்டது. ஸ்பீக்கர் அணைந்து கிடந்தது.

எதிரே திரையில் ஒரு பழைய ஊமைப்படம் அசையாமல் நின்றது. பிணங்களின் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து ஒரு விஞ்ஞானி உயிர் உண்டாக்குகிற கதை. அதற்குச் சத்தம் சேர்ப்பது அவர் வேலை. இடி, சங்கிலி, காலடி எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டன. மேஜையில் மல்லாந்து கிடக்கும் அந்த உருவத்தின் முதல் மூச்சுதான் அவர் உயிரை வாங்கியது. பழைய தோல்பை ஒன்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கிறீச்சென்று தோல்தான் கத்தியது. கடைசியில் நேற்று மதியம், கன்னத்துக்கடியில் கையை வைத்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்த மகள் குட்டியின் மூக்கருகே மைக்கை நீட்டிவிட்டார். அந்த மூச்சை இழுத்து நீட்டி, தோல்பைச் சத்தத்தின்மேல் போர்த்தியதும் உருவம் பிழைத்துக்கொண்டது. அவருக்கே புல்லரித்தது. பெருமை வேறு.

இப்போது, நின்றுபோன படத்தில், அதன் மார்பு ஏறி இறங்கியது.

கண் அசதி என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், வீட்டுக்குப் போன் போட்டார். குட்டி தூங்குகிறாள் என்றாள் மனைவி.

"கொஞ்சம் தொட்டுப் பாரேன்."

"இப்பத்தாங்க படுத்தா. எழுப்பிவிட்டா நீங்களா வந்து தூங்க வைப்பீங்க?"

"சொல்றேன்ல, தொட்டுப் பாரு."

செருப்புச் சத்தம். கதவு திறந்தது. குட்டி, குட்டி என்று இரண்டு முறை கூப்பிட்டாள்.

"ஏங்க... மூச்சு வரலீங்க."

திரையில் மார்பு ஏறியது. இறங்கியது. குட்டியின் மூச்சு. அது குட்டியின் மூச்சு. அவள் மூச்சிருந்த பதிவைத் தேடினார். அழித்தார். மிச்சம் வைக்காமல் அழித்தார்.

அறை அடங்கியது.

போனில் மனைவியின் அழுகை. அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு.

"எழுந்துட்டாங்க. கண்ணத் தொறந்துட்டா. எனக்கு உயிரே போயிடுச்சு. இருங்க, அவகிட்ட குடுக்குறேன்."

அவருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "குட்டி, அப்பா பேசுறேன்டா."

போனில் ஒரு மூச்சு கேட்டது. மெதுவாக இழுத்தது. கிறீச்சென்றது. மெதுவாக விட்டது. கிறீச்சென்றது.

தோல்பை.

திரையைப் பார்த்தார். மல்லாந்து கிடந்த உருவம் இப்போது மேஜையில் ஒருக்களித்துப் படுத்திருந்தது, கன்னத்துக்கடியில் கையை வைத்து.