வெள்ளைச் சட்டை, நீலப் பின்னணி

சாமிக்கண்ணு மறுபடியும் கடைக்கு வந்தபோது இடது காதில் பெரிய கட்டுப் போட்டிருந்தார். காதில் என்று சொல்வதுகூடச் சரியில்லை. காது இருந்த இடத்தில். கரிக்கலாம்பாக்கத்தில் இரண்டு காணி நெல் போடுகிறவர், முந்தின நாள் காலையில்தான் பென்ஷன் மனுவுக்குப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். சாயங்காலம் மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் மாற்றும்போது காற்றில் ஒன்று கிளம்பி வந்து சீவிவிட்டதாம். அதைப் பற்றி அவருக்குப் பெரிய புகார் இல்லை. கையிலிருந்த போட்டோவைக் கவுண்டரில் வைத்து அதைத்தான் காட்டினார்.

"படம் எடுக்கறப்ப காது இருந்துச்சு பாப்பா. நீ முன்னாடியே வெட்டிட்டியே" என்று சொல்லிச் சிரித்தார்.

யாமினி படத்தைப் பார்த்தாள். வாஸ்தவம்தான். நரைத்த தலை, பின்னால் ஸ்டுடியோவின் வெள்ளைச் சுவர். பின்னணியை ஒரே தட்டில் தூக்கிவிடும் புது சாப்ட்வேருக்கு எது முடி, எது சுவர் என்று பிரிக்கத் தெரியவில்லை. முடியோடு காதையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. பசி நேரத்து அவசரத்தில் அவளும் கவனிக்காமல் நீலத்தை நிரப்பி, எட்டு காப்பி போட்டுக் கவரில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பழைய படத்திலிருந்து காதை மீட்டு வேறு காப்பி போட்டுக் கொடுத்தாள். ராத்திரி கணவன் ராஜ்மோகனிடம் இதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு நாலு நாள்கூட நிற்கவில்லை. பாகூர் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்யும் குடும்பத்து மகாலட்சுமியம்மா பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தார். வெளிறிய சந்தன நிறப் பட்டு, அதே வெள்ளைச் சுவர். படத்தை அனுப்பிவிட்டுச் சாயங்காலம் வேறு எதையோ தேடும்போதுதான் யாமினி பார்த்தாள்: வலது தோளிலிருந்து கீழே கை இல்லை, வெறும் வெள்ளை. போன் போட்டாள். வியாபார நேரம், யாரும் எடுக்கவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

காலையில் கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில், கடைக்கு நேர் எதிரே, கடலூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்து ஜன்னலில் மகாலட்சுமியம்மா கையை வெளியே வைத்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாமினி கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் எதிரே வந்த கரும்பு லாரி ஒன்று பஸ்ஸை ஒட்டி உரசிக்கொண்டு போக, தகரம் தகரத்தில் தேய்கிற நீண்ட கிறீச்சிடலும், அதற்குள் ஈரமாக ஏதோ முறிகிற சத்தமும் கேட்டன. டீசல் புகையும், நசுங்கிய கரும்பின் இனிப்பும், அதை மீறிய ரத்தக் கவிச்சையும் கடைக்குள்ளேயே வந்து நின்றன. கண்டக்டர் தன் துண்டை விரித்து ரோட்டில் கிடந்ததை அள்ளினார். வளையல்களில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

கடை முதலாளி கனகராஜ் கல்யாண ஆர்டர்களுக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர். போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். யாமினிக்கும் அவர் சொல்வதை நம்பிவிட வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. அதனால்தான், சோதித்துப் பார்த்துவிட, அந்தக் காரியத்தைச் செய்தாள். கன்னத்தில் கை வைத்த மாதிரி தன்னையே படம் எடுத்து, இடது சுண்டுவிரலின் நுனிக் கணுவை மட்டும் அழித்து, அந்த இடத்தில் நீலத்தை நிரப்பினாள். அன்றைக்கு முழுதும் போட்டோ வெட்டும் கத்தியின் பக்கமே போகவில்லை. வீட்டில் அரிவாள்மனையைத் தொடவில்லை. மறுநாள் கடையைத் திறக்க ஷட்டரைத் தூக்கினாள், பாதியில் ஸ்பிரிங் அறுந்து அது கீழே இறங்கியது.

ஒரு கணுதான் போனது. அவள் அழித்த அதே கணு.

சுண்டுவிரலில் கட்டோடு அவள் படுத்திருந்த அந்த வாரத்தில்தான் ராஜ்மோகனுக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர் பதவி வந்தது. புது அடையாள அட்டைக்கு நீலப் பின்னணியில் ஒரு படம் வேண்டும். கட்டியவளே போட்டோ கடையில் வேலை செய்யும்போது வேறு யாரிடம் கேட்பான்? கேட்டான். நாளைக்கு என்றாள். மறுபடி கேட்டான். கலர் இங்க் தீர்ந்துவிட்டது என்றாள். ஒரு வாரம் இப்படியே ஓடியது. கடைசியில் ஒரு நாள் காலை அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அடிபட்டவள் பயந்திருக்கிறாள் என்றுதான் அவனுக்குப் பட்டது, நம்பவில்லை.

"உன்ன தொந்தரவு பண்ணல யாமினி. நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

அவனே பார்த்துக்கொண்டான். சாயங்காலம் ஐந்து மணிக்கு, கடையில் இருந்தவளின் போனில் ஒரு படமும் அதன் கீழே ஒரு செய்தியும் வந்தன. ஒரு இலவச ஆப்பில் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டானாம், கிளம்புகிற அவசரத்தில் அப்படியே ஆபீஸுக்கும் அனுப்பிவிட்டானாம், அவள் வெறுமே பிரிண்ட் போட்டு வைத்தால் போதுமாம்.

கம்பெனி யூனிபாரம் வெள்ளைச் சட்டை. கம்பெனிச் சுவரும் வெள்ளை.

நீலத்தின் நடுவே ராஜ்மோகனின் தலை இருந்தது. கழுத்து பாதி வரை இருந்தது. அதற்குக் கீழே தோள் இல்லை, மார்பு இல்லை. சட்டைப் பையில் குத்தியிருந்த பேனா மட்டும் அந்தரத்தில் தனியாகத் தொங்கியது. முகம் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. கம்பெனி வாசல் காவலாளியிடம் கேட்டாள். சார் இப்பதாம்மா கெளம்பினாரு என்றார். தவளக்குப்பம் வழியாக வர வேண்டும், எப்படியும் இருபத்தைந்து நிமிஷம். வண்டி ஓட்டும்போது அவன் போனைத் தொடமாட்டான். அது அவன் நல்ல பழக்கம்.

அவன் ரோட்டில் இருக்கும்போதே படத்தில் உடம்பைத் திருப்பி வைத்துவிட்டால்? சாமிக்கண்ணுவுக்குக் காதை மீட்டது நடந்து முடிந்த பிறகு. மகாலட்சுமியம்மாவுக்கு அதுவும் செய்யவில்லை. இவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அசல் படம் அவன் போனில். தன் போனில் தேடினாள். பைக் மேல் உட்கார்ந்திருந்தான், இடது கால் தெரியவில்லை. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் இருந்தான், இடுப்புக்குக் கீழே இல்லை. கோயில் வாசலில் நின்றான், ஒரு கை யாரோ ஒருவர் முதுகுக்குப் பின்னால். இருநூறு படங்கள். எதிலும் அவன் முழுசாக இல்லை. அவற்றிலிருந்து எடுத்து ஒட்டினால், அதில் இல்லாதது என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டரில் ஒரு போல்டர் உண்டு. எல்லா ஸ்டுடியோவிலும் இருப்பதுதான். கைலியோடு வந்து கோட்டு சூட்டில் படம் கேட்கும் மாப்பிள்ளைகளுக்காகத் தலையில்லாத உடம்புகள். அதில் ஒன்று கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, பாலிஷ் போட்ட ஷூ. இரண்டு கை, இரண்டு கால், பத்து விரல். முழு உடம்பு. யாருடையது என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

யாமினி அதைத் திறந்தாள். ராஜ்மோகனின் தலையை எடுத்து அதன் மேல் வைத்தாள். தலை பெரிதாக இருந்தது. சின்னதாக்கினாள். கழுத்து சேரவில்லை. இடது பக்கம் சாய்த்தாள். வெட்டுப்பட்ட விரல் கட்டுக்குள் விண்விண்ணென்று தெறித்தது. மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி ரோட்டில் ஒவ்வொரு பைக்காகக் கேட்டாள். இது இல்லை. இதுவும் இல்லை. கழுத்தில் ஒட்டின கோடு அப்பட்டமாகத் தெரிந்தது. மழுக்க வேண்டும்.

அவன் பைக்.

சைலன்சரில் ஓட்டை விழுந்த அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நேரமில்லை. அப்படியே சேவ் செய்தாள்.

பைக் கடை வாசலில் நின்றது. உயிரோடு வந்துவிட்டான். அவளுக்கு அழுகை முட்டியது, சாமி, சாமி என்று வாய் தானாகச் சொன்னது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் அலறினாள். பிறகு பலர். பிறகு ஓடுகிற காலடிகள். பிறகு ஒன்றுமில்லை.

படியில் ஷூ சத்தம். ராஜ்மோகன் ஷூ போடுவதில்லை.

கறுப்புக் கோட்டு உள்ளே வந்தது. சித்திரை மாதத்து வெக்கையில் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. அவன் நடை இல்லை. நிதானமாக, அளந்து வைக்கிற நடை. மேலே ராஜ்மோகனின் தலை, உடம்புக்குச் சற்றே சின்னதாக, இடப்பக்கம் சாய்ந்து இருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. கோடு முழுதும் ரத்தம் கசிந்து, காலரை நனைத்து, டையின் நுனியிலிருந்து சொட்டியது.

கண்கள் அவனுடையவை. அவளைப் பார்த்தன. நிறைந்து வழிந்தன.

"ஏங்க" என்றாள் யாமினி.

அவன் வாய் திறந்தது. ஏதோ சொல்ல முயன்றான். குரல் வரவில்லை, காற்று கழுத்துக் கோட்டின் வழியே சிவப்புக் குமிழ்களாக வெளியேறியது. மறுபடி முயன்றான். உதடுகள் அவள் பெயரை வடித்தன.

அந்த உடம்பின் வலது கை மெதுவாக உயர்ந்தது. வெளுத்த, நீண்ட விரல்கள். ஒன்றில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு பச்சைக்கல் மோதிரம். அந்தக் கை ராஜ்மோகனின் வாயை இறுக்கிப் பொத்தியது.