தவறாத நிகராறு

காலை எட்டு மணிக்கு, வெள்ளம் இரண்டு மீட்டர் ஏறும் என்றது நிகராறு. அங்கயற்கண்ணியின் கணக்கு நான்கு என்றது.

கரும்பாறை அணையின் கட்டுப்பாட்டு அறையில், கணினிக்குள் ஓடும் ஆறுதான் நிகராறு. நீர்ப்பிடிப்புப் பகுதியின் ஒவ்வொரு வயலும் வேரும் ஆழ்துளைக் கிணறும் அதற்குள் எண்களாக இருந்தன. மொத்தம் நாற்பது லட்சம். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அது தன் எண்களைத் திருத்திக்கொண்டு, பழைய கணிப்புகளையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடும். அதனால் அதன் பதிவேட்டில் பிழையே கிடையாது.

உதவிப் பொறியாளர் அங்கயற்கண்ணியிடம் மூன்றே எண்கள்: பெய்த மழை, மண்ணின் ஈரம், தண்ணீர் வந்துசேரும் நேரம். விடையை வெள்ளத்துக்கு முன்பே தேதியிட்டுச் சுவரில் எழுதிவிடுவாள்.

"ஆத்தோரம் நாணல்திட்டுல அறுபது வீடு சார். மூணு மணிக்குள்ள சனங்களை மேட்டுக்கு ஏத்திடணும். உத்தரவுல கையெழுத்துப் போடுங்க."

செயற்பொறியாளர் துரைப்பாண்டி சுவரைப் பார்த்தார். "போன வருசம் ரெண்டு தடவை உன் கணக்கு தப்பாப் போச்சு. சட்டிபானையோட பள்ளிக்கூடத்துல போயி உக்காந்தாங்க, சொட்டுத் தண்ணி வரலை. கலெக்டர் என்னையத்தான் கிழிச்சாரு."

"தப்புன்னு எப்படி சார் தெரிஞ்சுச்சு? எழுதி வச்சதாலதான? நிகராறு அன்னைக்கு என்ன சொல்லுச்சுன்னு காட்டுங்க பாப்போம்."

"அது தப்பே பண்ணாதும்மா. மேலிடத்துக்கு எழுத்துலயே கொடுத்திருக்கேன். ஆளை விடு."

உத்தரவில்லாமல் பேருந்துகள் கிளம்பவில்லை. அவளே ஊருக்குத் தொலைபேசினாள். "மறுபடியுமா தாயி?" என்று சிரித்தார்கள். பாதிப் பேர்தான் மேடேறினார்கள்.

மூன்றரைக்கு நான்கு புள்ளி ஒன்று. ஆட்டை அவிழ்க்கப் போன தம்பதி திரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்து விசாரணை அதிகாரி நிகராற்றின் பதிவேட்டைத் திறந்தார். "காலையிலேயே நாலு புள்ளி ஒண்ணுன்னு எச்சரிச்சிருக்கே. ஏன் கையெழுத்துப் போடலை?"

இரண்டு என்று பார்த்தது துரைப்பாண்டிக்கு நன்றாக நினைவிருந்தது. அதைச் சொன்னால் நிகராறு தவறியது என்றாகும். தவறாது என்று எழுதிக் கொடுத்தவரே அவர்.

"நானும் ரெண்டுன்னுதான் பாத்தேன் சார்" என்றாள் அங்கயற்கண்ணி.

"நீங்க சுவர்ல நாலுன்னுல்ல எழுதியிருக்கீங்க? அதோட ஒத்துத்தான போகுது."



"நான்தான் சரியாப் பாக்கலை போல" என்று துரைப்பாண்டி கையெழுத்திட்டார்.

அன்று மாலை நிகராறு புதிதாக ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டது: செயற்பொறியாளரின் கவனக்குறைவு. அதையும் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வெள்ளம் அப்படியே பொருந்தியது. இரண்டு சாவும் பொருந்தின.