ஏப்ரனில் ஒரு நீலக் கறை

துப்பறிவாளர் வீட்டுக் கதவைத் தட்டக்கூட அவளுக்குக் கை வரவில்லை. தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வேலைக்குக் கட்டிய வெள்ளை ஏப்ரனை அவிழ்க்கவும் மறந்திருந்தாள்.

“ஐயா, காய் நறுக்கி டப்பாவுல அடைக்கிற எடத்துல அலசுற வேலை எனக்கு. நேத்துப் போன டப்பாவைத் தின்னு ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில கெடக்காங்க. ஒரு பச்சப்புள்ள இன்னும் கண்ணு தொறக்கல. தொட்டியில வினிகர் ஊத்தாம ஏமாத்திட்டேன்னு மொதலாளி என் தலையில போடுறாரு. சாயங்காலம் போலீஸ் வருதாம். சத்தியமா ஊத்தினேன்யா!”

துப்பறிவாளர் ஏப்ரனையே பார்த்தார். அந்த வாரத்து ரோஜா நிறக் கறைகளுக்கு நடுவே ஒரே ஒரு நீலக் கறை.

“இது?”

“ஊதாக் கோசு அலசுன தண்ணிங்க. தெனமும் செவப்பாத்தான் பிடிக்கும். நேத்து என்னமோ இப்படி.”

“அப்ப கோசுலதான் விஷம், மாமா!” என்று துள்ளினார் அவருடைய உதவியாளரான மைத்துனர்.

“உங்கக்கா உன்னை ஏன் என் தலையில கட்டினான்னு இப்பப் புரியுது. செருப்பை மாட்டு.”

அலசும் அறைத் தரை சொதசொதவென்றிருந்தது. காய் நறுக்கும் அவள் புருஷன் கத்தியோடு நின்றான். வாசலை மறித்து முதலாளி. அலமாரியில் இலை, காய்க்கு வினிகர் கேன்; திராட்சை கழுவச் சமையல் சோடா டப்பா.

துப்பறிவாளர் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊதாக் கோஸைப் போட்டு வினிகர் ஊற்றினார். சிவந்தது. சோடாவைக் கொட்டினார். பொங்கி, நீலமானது.

“இந்தம்மா வினிகர் ஊத்தியிருக்கு. மேல யாரோ சோடா போட்டிருக்காங்க. தனித்தனியா ரெண்டும் நல்ல பிள்ளைங்க. சேத்துவிட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். கிருமிக்குக் கொண்டாட்டம்.”

“மொதலாளிதான் மாமா! வினிகர் வாடை போகணும்னு...”

“யோவ்! நேத்து நான் ஊர்லயே இல்ல!”

துப்பறிவாளர் அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நேத்துக் கை எரிஞ்சுதா?”

அவள் கைகளைப் பார்த்தாள். விரலெல்லாம் வெடிப்பு. தினமும் வினிகரில் விட்டால் உயிர் போகும். நேற்று எரியவில்லை, மரத்துப்போச்சு என்று நினைத்திருந்தாள். அந்த எரிச்சல் தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான். தினமும் அந்தக் கைக்கு எண்ணெய் தடவுகிறவன்.

போலீஸ் பயமெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

“எரிஞ்சுதுங்க,” என்றாள். “எப்பவும்போல எரிஞ்சுது.”

கத்தி பலகையில் விழுந்தது.

“பொய் சொல்றா. நான்தான் ரெண்டு கை சோடா அள்ளிப் போட்டேன். கையுறை கேட்டும் குடுக்கல, இவ கை எரியாம இருக்கட்டும்னுதான். பழத்துக்குப் போடுறதுதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு...” என்றான் புருஷன்.

“அடப்பாவி! என் தொழிலையே...” என்று பாய்ந்தார் முதலாளி.

“கையுறை எத்தனை தடவை கேட்டாங்க? அதையும் சேத்துத்தான் போலீசுக்கு எழுதிக் குடுப்பேன்,” என்றார் துப்பறிவாளர்.

வெளியே ஜீப் வந்து நின்றது. அவள் இரண்டு கையாலும் புருஷன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்து துணியில் பரவியது. அவள் விடவில்லை.