இரண்டாவது கிண்ணம்

அடுப்பில் தீ குறைந்திருந்தது. ஃபோனை எடுக்கக் கூடத்துக்குப் போனபோது அடுப்பின் திருகை அவர் நடுவில்தான் வைத்துவிட்டுப் போனார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கைக்கு அதெல்லாம் தப்பாது. இப்போது சிம்மில் இருந்தது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டு, காதில் ஃபோனோடு தீயை ஏற்றினார்.

"என்னப்பா பண்றீங்க?" என்றாள் மகள்.

"சூப் வைக்கிறேன். மாட்டுக்கறியும் சீஸும் போட்டு உங்கம்மா வைப்பாளே, அது."

"வெந்நீர் வைக்கவே தெரியாதே உங்களுக்கு. சீஸ் போடறதுக்கு முன்னாடி அடுப்ப அணைச்சிடுங்க, இல்லேன்னா திரிஞ்சு போயிடும்."

"தெரியும், தெரியும்."

"இங்க வந்துடுங்களேன்ப்பா. தனியா எதுக்கு?"

"பாக்கலாம்மா."

மூன்று மாதமாக இதே பதில்தான். செத்துப்போன மனைவி ஒருவேளை திரும்பி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதே என்ற நப்பாசையை மகளிடம் எப்படிச் சொல்வது? கல்யாண மோதிரத்தைக் கழற்றாமல் அவளைப் புதைக்க வேண்டும் என்று அடம்பிடித்ததும் அதே பைத்தியத்தில்தான்.

ஃபோனைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. வெண்ணெயில் சிவந்த வெங்காயமும், மெத்தென்று வெந்துவிட்ட கறியும், பாலில் கரைந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கும் சேர்ந்து எழுப்பிய வாசனை அந்தச் சின்னச் சமையலறையை நிறைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஆவியாகப் படிந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்குப் பசியைக் கிளப்பியது. அவள் இந்தக் கறியை வாயில் வைத்ததே இல்லை. வாடையே ஆகாது. மூக்கைச் சுளித்துக்கொண்டே அவருக்காகக் கிண்டுவாள். உப்புப் பார்க்க மட்டும் அவரைக் கூப்பிடுவாள்.

துருவிய சீஸை அள்ளினார். பாத்திரத்தின் மேல் கை போனபோது சூப் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மறந்துவிட்டார்.

டக்.

திருகு தானாகச் சுழன்றது. அடுப்பு அணைந்தது.

கையில் சீஸோடு அப்படியே நின்றார். பயம்தான் முதலில் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு அழுகை வந்தது.

"நீயா?" என்றார்.

பின்னால் சாப்பாட்டு மேசையில் நாற்காலி இழுபடும் சத்தம். அவளுடைய நாற்காலிதான். ஒரு கால் குட்டையான அது தரையில் தட்டும் சத்தத்தை அவர் எங்கேயும் கண்டுபிடிப்பார்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம். சீஸைப் போட்டுக் கலக்கினார். திரியாமல் வழவழவென்று வந்தது. முழுவதையும் இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, தலை குனிந்தபடியே போய் ஒன்றை எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். சந்தோஷமாகக் கரண்டியை எடுத்தார்.

"மகள் கூப்பிடறா. நான் போகலம்மா," என்றார். "உன்ன விட்டுட்டு எங்க போவேன்?"

எதிரே கரண்டி கிண்ணத்தில் உரசியது. உறிஞ்சும் சத்தம். பிறகு மெல்லும் சத்தம். கறியை. நிதானமாக. ருசித்து.

அவருடைய கரண்டி பாதியில் நின்றது.

அவள் மெல்ல மாட்டாள்.

முப்பது வருடத்தில் ஒரு துண்டு கூட.

மழை. மெல்லும் சத்தம். கூடத்தில் ஃபோன் அடித்தது. மகளாக இருக்கும். எழ முடியவில்லை. ஃபோன் அடித்து ஓய்ந்தது.

மெல்லுவதும் நின்றது.

குனிந்த கண்ணுக்கு முன்னால், துடைத்து வழித்த கிண்ணம் மேசை மேல் மெதுவாக நகர்ந்து வந்தது. அதைத் தள்ளிய விரலில் அவளுடைய மோதிரம் இருந்தது. அதற்கு மேல் விரல் நீண்டது. ஒரு கணு. இன்னொன்று. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது.

"இன்னும் கொஞ்சம்," என்றது, அவள் குரலில்.

பாத்திரத்தில் எதுவும் மிச்சமில்லை. விரல் கிண்ணத்தைத் தாண்டி அவர் கையை நோக்கி வந்தது.