பாரம் ஏற இறுகும் முடிச்சு

தென்னரசு வந்து படுத்தபோது கயிற்றுக் கட்டில் முனகவில்லை. மலர்விழி அதைக் கவனித்தாள், சந்தோஷத்தில் விட்டுவிட்டாள். விண்வெளி நிலையத்திலிருந்து மதியம் இறங்கவேண்டிய புருஷன், சாயங்காலமே திண்டிவனம் வீட்டுக்குத் தனியாக நடந்து வந்து நின்றால் எந்த மனைவி கேள்வி கேட்பாள்?

மேலே இருந்தவர்கள் நான்கு பேர். ஒரு கலம் பழுதாகிவிட்டது. மிஞ்சிய கலத்தில் மூன்றே இருக்கைகள். நேற்று போனில் அவனே சிரித்தபடி சொன்னான்.

"என்னைக் கலத்துத் தரையில வெச்சுக் கட்டிக்கினு எறங்கப் போறாங்க மலரு. மூட்டை கணக்கா."

"மூட்டைன்னா எங்கப்பா முடிச்சைப் போடச் சொல்லுங்க. முப்பது வருஷம் மல்லாட்டை மூட்டை லாரிக்குப் பாரம் கட்டினவரு. பாரம் ஏற ஏற இறுகும்."

"மாமனார் முடிச்சுன்னா இவனுங்க நம்புவானுங்களா?"

"நம்ப வைங்க. பேஜாரு பண்ணாதீங்க."

"சரி, அதையே போடச் சொல்றேன்."

பாண்டிச்சேரி ரோட்டில் பஸ்கள் இரைந்தன, அடுத்த வீட்டில் குக்கர் கூவியது, அறைக்குள் மட்டும் கரிந்த இரும்பின் வாசனை மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே வந்தது. அவன் மூச்சுவிடும் சத்தம் கேட்கவில்லை. விரிப்பில் பள்ளம் விழவில்லை. குனிந்து பார்த்தாள். அவன் முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே, எதிர்ச் சன்னல் வெளிச்சம் தெரிந்தது.

"கட்டு மலரு," என்றான். "இறுக்கிக் கட்டு."

போன் அடித்தது. ஆய்வு மையத்து அதிகாரி பிரவீன்குமார்.

"அம்மா... கலம் எறங்கிடுச்சும்மா. சார் மட்டும்..." குரல் உடைந்தது. "நிலையத்தை விட்டுப் பிரியிறப்பவே கட்டு அவிழ்ந்திருக்கு. எடையே இல்லாத எடம், முடிச்சு நிக்கல. எறங்குறப்ப அடிபட்டுட்டாரு. உடம்பு இங்கதாம்மா இருக்கு."

பாரமே இல்லாத இடத்தில் அந்த முடிச்சு எதைக் கொண்டு இறுகும்? சொன்னவள் அவள்தான்.

போனை வைத்தாள். கொடியில் கிடந்த சேலையை உருவி அவன் இடுப்பையும் கட்டிலையும் சேர்த்துச் சுற்றினாள். வேறு முடிச்சு. அதன்மேல் இன்னொன்று.

"இன்னும்."

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் தரையை விட்டன.

ஏறி அவன் மார்மேல் படுத்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தன் பாரம் முழுவதையும் கொடுத்தாள். கண்ணை மூடினாள்.

பஸ் இரைச்சல் கீழே எங்கோ கேட்டது.

ஓடாமல் நின்றிருந்த மின்விசிறியின் இறக்கை, சில்லென்று, அவள் முதுகில் பட்டது.