போதும் என்று சொல்லாத மண்

மாட்டுத் தொட்டியில் தண்ணீர் இல்லை. மாடு இன்னும் கொட்டகையில்தான் கட்டிக்கிடந்தது. கல்தொட்டியில் விரிசல் எதுவும் இல்லை. ஓரத்துப் பாசி காய்ந்து சுருண்டிருந்தது. யமுனா தொட்டியைச் சற்றே அசைத்தபோது அடியிலிருந்த மண் மாவு போலப் பறந்தது. சற்று முன்புதான் அதை நிரப்பிவிட்டுப் போயிருந்தாள்.

தொட்டிக்கு அந்தப்பக்கம், புதிதாக நிரவிய கீழ்க்கோடி. செங்கல் சூளைக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன பள்ளமாக இருந்த இடம். பள்ளத்தோடு சேர்த்துத்தான் அவள் அப்பா கங்கையாவுக்குப் பட்டா கிடைத்தது. பிறர் நிலத்திலேயே முதுகு வளைந்தவர், அன்று அந்தப் பள்ளத்தில் இறங்கி மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தார். அதை நிரப்ப மண் கேட்டு வாங்கியவள் யமுனாதான். கங்காதர நெல்லூர்ப் பக்கத்து மலையில் தண்ணீர் கொண்டுபோகச் சுரங்கம் தோண்டுகிறார்கள். அங்கே அவளுக்கு வேலை. அந்த மண்ணைத்தான் இங்கே கொட்டினார்கள்.

மலைக்குள்ளிருந்து வரும் மண், ஊற்று நீரோடு கலந்து கூழாக வரும். அப்படியே லாரியில் ஏற்றினால் ரோடெல்லாம் சிந்தும். காயவைக்க இடமும் கிடையாது. அதனால் சர்க்கரை போன்ற ஒரு வெள்ளைத் தூளை அதன்மேல் தூவிப் பொக்லைனால் புரட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூழ் இறுகிப் புட்டாக உதிரும். அந்தத் தூளின் ஒவ்வொரு மணிக்குள்ளும் சிக்கலான நூல்கண்டு போல நீண்ட இழைகள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும், விரிந்த இடத்தில் தண்ணீர் போய் உட்காரும். ஆனால் இழைகளுக்கு நடுவே முடிச்சுகள் உண்டு. அதனால் ஓரளவுக்குமேல் விரிய முடியாது. தூள் எவ்வளவு குடித்தாலும் ஓர் இடத்தில் நின்றுவிடும். யமுனாவுக்கு அதில் பிடித்ததே அந்த நிற்றல்தான்.

கீழ்க்கோடியில் கொட்டியது நிற்கவில்லை.

மோட்டார் போட்டாள். வாய்க்கால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடிவந்து, கீழ்க்கோடியின் விளிம்பைத் தொட்டதும் சத்தமில்லாமல் மறைந்தது. விளிம்புக்கு அந்தப்பக்கம் விரல்நுனி அளவுகூட ஈரம் இல்லை. தரையில் காதை வைத்துக் கேட்டாள். அடியில், வெகு அடியில், குழந்தை பால் உறிஞ்சுவது போன்ற மெல்லிய, விடாத ஓசை. நிலம் முன்பைவிட மேடாகியிருந்தது.

பக்கத்து நிலத்துப் பாலையாவின் கிணறு வற்றியது. அவர் வரப்பில் நின்றுகொண்டு, "இன்னாமே, ஒங்க மண்ணு என் கெணத்தையும் துன்னுட்ச்சா? வித்துட்டுப் போங்க. ஒங்களுக்கு எதுக்கு நெலம்?" என்றார்.

"கெணறு வத்துனா மழயப் போய்க் கேளு மாமா," என்றாள் யமுனா. "எங்கள ஏன் கெளப்பிக்கினு கீற?"

சொன்ன வாய் உலர்ந்திருந்தது. உதட்டை நக்கினாள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

கங்கையா பகலெல்லாம் கீழ்க்கோடியிலேயே உட்கார ஆரம்பித்திருந்தார். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்தார். ஆனால் அந்த வெயிலிலும் அவருக்கு ஒரு பொட்டு வியர்வை இல்லை. பிடித்துப் பார்த்தால் கை சருகு போல எடையற்றிருந்தது.

சுரங்கத்து இஞ்சினியர் ஹரிபாபு திருப்பதிக்காரர். அவரிடம் போய்ச் சொன்னாள். "ஏம் காதும்மா," ஒன்றும் ஆகாது என்று சிரித்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளரில் தூளை ஊறவைத்தார். ஊறிய ஜவ்வரிசி போலக் கண்ணாடி மணிகள் எழும்பி நின்றன. அவற்றின்மேல் கைப்பிடி உப்பைப் போட்டார். மணிகள் சுருங்கித் தண்ணீரைக் கக்கின. உப்பு வெளியிலிருந்து நீரை இழுக்கிறது. இழைகளின் தள்ளலும் அடங்கிவிடுகிறது. நூல்கண்டு மறுபடி சுருள்கிறது. அவ்வளவுதான் என்றார்.

அவ்வளவுதான். ஆனால் உப்பு விழுந்த நிலத்தில் புல்கூட முளைக்காது.

அப்பாவிடம் சொன்னாள். கங்கையா எழுந்திருக்கவே இல்லை.

"உப்பு போட்டா செத்துப்பூடும்மே."

"நீ செத்துப்பூடுவ நைனா. எழுந்து வா."

"எவன் எவன் நெலத்துலயோ குனிஞ்சினு கெடந்தேன். வெளிய போடான்னா போனேன். இதுலேர்ந்து எவன் சொன்னாலும் போமாட்டேன். நீ சொன்னாலும்."

அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சருகு போலிருந்த அந்தக் கை வரவில்லை. கீழே அவ்வளவு கனம்.

சித்தூருக்கு ஓடிக் கல்லுப்பு மூட்டைகளோடு ஆட்டோவில் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழ்க்கோடியில் அப்பா இல்லை. துண்டு மட்டும் கிடந்தது. காற்று இல்லை. தவளை இல்லை. மரங்களின் இலைகள் பச்சையாகவே காய்ந்து, தொட்டால் நொறுங்கின. நிலம் அவள் இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றது. அதன்மேல் ஏறினாள். பாதம் பதிந்த இடங்கள் மெதுவாக, மூச்சு விடுவது போல, மேலே எழும்பின.

பயத்தில் அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை.

"எங்க நைனாவக் குடு," என்றாள். மூட்டையைக் கிழித்தாள்.

கொட்டினாள். இன்னொன்று. இன்னொன்று. தன் நிலத்தைத் தன் கையாலேயே சாகடித்தாள். உறிஞ்சும் ஓசை நின்றது. மண் சிலிர்த்தது. நாலு பக்கமும் தண்ணீர் கசிந்து வழிந்தது. அவள் பாதத்தை நனைத்தது.

சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

மண் இறங்கியது. முழங்கால் அளவு. இன்னும் கீழே. நடுவில் ஒரு தலை தெரிந்தது. நரைத்த தலை. நெற்றி. கண்கள். கங்கையா கழுத்தளவு மண்ணில் நேராக நின்றிருந்தார். தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. திறந்த வாய்க்குள், பல்லுக்குப் பின்னால், கண்ணாடி மணிகள். நிறைய. ஒவ்வொன்றும் பெரிதாகிக்கொண்டே.

கண்கள் அவள் பக்கம் திரும்பின.

யமுனா பின்வாங்கவில்லை. மண்டியிட்டாள். உப்பை இரு கையிலும் அள்ளினாள். அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அப்பா உதடுகளை இறுக மூடிக்கொண்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பிறகு தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. வாய் நிறைய இருந்த மணிகளை விழுங்கினார்.

மண் மறுபடி மேலே வந்தது.